நடுங்காத மண்

சாக்கோட்டை என்றதும் குடந்தைக்கு அருகிலுள்ள ஊரை நினைப்பவர் உண்டு. நாம் குறிப்பது அதுவன்று. காரைக்குடிக்கு அருகே, புதுவயலுக்கும் கண்டனூருக்கும் அண்டையில், வீரசேகரர் கோயிலைச் சுற்றி எழுந்த செட்டிநாட்டுச் சாக்கோட்டை. செம்மண் பூமி, கண்மாயும் ஊரணியும் காக்கும் பூமி. வானம் பொய்த்தால் வாடும். ஆனால் நிலம் அசைந்து வீடு விழுந்தது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. புயலைப் பற்றிக் கதை உண்டு, பஞ்சத்தைப் பற்றிக் கதை உண்டு, கொள்ளை நோயைப் பற்றிக் கதை உண்டு. நிலநடுக்கத்தைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டால், பாட்டி பர்மாவைக் காட்டுவாள்!

நடுங்காத மண் என்ற இந்த நினைப்புக்கு இரண்டு வகை விளக்கம் கிடைக்கும். ஒன்று, கோயில் காக்கிறது என்பது. மற்றொன்று, அடியில் இருக்கும் பாறை காக்கிறது என்பது. முதல் விளக்கத்துக்கு மணியடிக்க ஆளிருக்கிறது, மாலை கட்ட ஆளிருக்கிறது. இரண்டாவது விளக்கத்தை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. அதிலும் ஒரு பாதிதான் உண்மை என்பதைச் சொல்ல இன்னும் ஆளில்லை. ஆகவே நாம் சொல்லத் துணிகிறோம்.

பழைய ஏடுகள் என்ன சொல்லின? ஆயிரம் தலை ஆதிசேடன் பாரம் தாங்காமல் தலை மாற்றினான். அதனால் பூமி அசைந்தது என்றது புராணம். வராகமிகிரரின் பிருகத் சம்கிதை சற்றே கற்றவர் பாணியில் பேசுகிறது. கடல் விலங்கின் அசைவு என்பர் சிலர், திசை யானைகளின் பெருமூச்சு என்பர் சிலர், காற்றோடு காற்று மோதுவது என்பர் சிலர் என்று எல்லாக் கொள்கைகளையும் வரிசைப்படுத்திவிட்டு, எந்த நட்சத்திரத்தில் நிலம் அசைந்தால் எந்தத் தேவதையின் வேலை, எந்த நாட்டுக்குக் கேடு என்று பலன் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஒருவரேனும், நிலம் அசைந்த ஊருக்குப் போய், எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்து எழுதினாரா? இல்லை. மனுநீதியின் நான்காம் அத்தியாயமோ மற்றொரு வழி கண்டது: நிலம் அசைந்தால் வேதம் ஓதுவதை நிறுத்திவிட வேண்டுமாம்! கற்றறிந்து காரணம் தேட வேண்டிய வேளையில் ஏட்டை மூடச் சொன்ன சாத்திரம் உலகில் வேறெங்கும் உண்டோ, அறியோம்.

இன்றைய அறிவியல் சொல்வது எளிது. நாம் நிற்கும் இந்தியப் பாளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடக்கு நோக்கி நகர்கிறது. ஆசியப் பாளத்தோடு மோதுகிறது. அந்த மோதலில் எழுந்ததே இமயம். மோதும் விளிம்பில் பெரு நடுக்கங்கள் பிறக்கின்றன. தென்னாடு அந்த விளிம்புக்கு வெகு தொலைவில், பல நூறு கோடி ஆண்டு மூத்த பாறையின்மேல் இருக்கிறது. அதனால் இங்கே நடுக்கம் அரிது. அரிது, அவ்வளவே, இல்லை என்று எந்த அறிஞரும் சொல்லவில்லை. விளிம்பில் அழுத்தம் ஏறும்போது பாளத்தின் நடுவிலும் அது பரவும். பாறையில் பழைய விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே என்றாவது ஒரு நாள் நழுவும். மற்றொன்றும் உண்டு: உறுதியான பழம்பாறை அதிர்வை எளிதில் விழுங்குவதில்லை, நெடுந்தூரம் கடத்துகிறது. வண்டல் நிலத்தில் ஒரு மாவட்டம் உணரும் நடுக்கத்தை, பாறை நிலத்தில் ஒரு மாநிலமே உணரும். எங்கோ கடலில் அசைந்தால் இங்கே அடுக்களைப் பாத்திரம் கிணுகிணுப்பது இதனால்தான்; தெய்வக் குற்றத்தால் அன்று.

சான்று வேண்டுமா? 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8, விடியற்காலை மூன்று மணியளவில் கோவைப் பகுதி குலுங்கியது. அளவு ஏறத்தாழ 6. தென்னாடு நெடுகிலும் அது உணரப்பட்டது. 2000 டிசம்பரிலும் 2001 ஜனவரியிலும் கேரளத்தின் ஈராட்டுபேட்டைப் பக்கம் அளவு 5-ஐ ஒட்டிய நடுக்கங்கள் வந்தன. மலைக்கு இப்பாலும் மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடினர். 2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி நெருங்கும் நேரம். புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஒன்று. சென்னை வரை தெருவெல்லாம் கூட்டம். 2021 ஆகஸ்டு 24, நண்பகல் கடந்த வேளை. வங்கக் கடலில் 5.1. சென்னை மீண்டும் ஒரு கணம் திகைத்தது. இவை எவையும் ஊரை அழித்தவை அல்ல. இத்தகைய சிறு நடுக்கம் சுவரைவிட மனத்தையே அதிகம் உலுக்குகிறது. அந்த மனத்தில் அடுத்து யார் புகுவது என்பதற்குத்தான் போட்டி. நள்ளிரவில் இதைவிடப் பெரியது வரப்போகிறது என்று ஒருவர். பரிகாரப் பூசை வேண்டும் என்று மற்றொருவர். நாள் குறித்து, நேரம் குறித்து நிலநடுக்கத்தை முன்னறிவிக்கும் ஆற்றல் இன்றுவரை உலகில் எவருக்கும் இல்லை. சீனத்தில் 1975 பிப்ரவரியில் ஹைசெங் நகரத்தாரை முன்னதாகவே வெளியேற்றிப் பலரைக் காத்தார்கள், உலகம் வியந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே சீனத்தின் தாங்சான் நகரம் எச்சரிக்கை ஏதுமின்றி இடிந்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆய்வுக்கூடம் அமைத்து அல்லும் பகலும் அளப்பவர்க்கே இயலாததைப் பஞ்சாங்கம் புரட்டுபவர் சொல்லிவிடுவாராம்!

நடுங்காத மண் என்று நம்பிக் கெட்ட ஊரும் உண்டு. மராட்டியத்தின் கில்லாரி, நம்மைப் போலவே பழம்பாறைமேல் அமைந்த ஊர். நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் அது இருந்தது. 1992-இல் அங்கே சிறு நடுக்கங்கள் பல வந்தன, மக்கள் அஞ்சினர், பின்னர் அடங்கியது, மறந்தனர். 1993 செப்டம்பர் 29 பிள்ளையாரை நீரில் கரைக்கும் நாள். ஊர்வலம் முடித்து, களைத்து உறங்கினர். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன் 6.2 அளவில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். கொன்றது நிலமா? இல்லை, வீடு! உருட்டுக் கல்லை மண் சேற்றில் அடுக்கிய பருத்த சுவர். அதன்மேல் மர உத்தரம். அதன்மேல் வெயிலுக்காகக் கொட்டிய மண் சுமை. அத்தனையும் உறங்கியவர்மேல் விழுந்தன. விநாயகருக்கு விடை கொடுத்த கை காயுமுன் இது நடந்தது என்பதை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. பக்தி குறைந்ததால் வந்த தண்டனை என்று எவரும் வாய் திறக்க இயலாதபடி அந்த நாள் அமைந்துவிட்டது என்பதை மட்டும் குறிக்கிறோம். 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். செட்டிநாடு இரண்டாம் மண்டலத்திலும், சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. நடுங்காத மண் என்றொரு மண் நாட்டிலேயே இல்லை என்று அரசின் ஏடே ஒப்புக்கொண்டதாயிற்று.

இனிப் பாட்டி காட்டிய பர்மாவுக்கு வருவோம். வட்டிக்கடை முதலாளியும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனுமாகச் செட்டிநாட்டார் இரங்கூனிலும் பெகுவிலும் ஐராவதிக் கழிமுகத்திலும் பரவியிருந்த காலம். 1930 மே 5, இரவு எட்டு மணி கடந்தவேளை, பெகு நகரம் 7-க்கும் மேற்பட்ட அளவில் குலுங்கியது. ஐந்நூறு பேர் வரை மாண்டனர். இரங்கூனிலும் உயிர்கள் போயின. பல நூற்றாண்டு பூசிக்கப்பட்ட ஷ்வேமாடோ பகோடாவே சரிந்து விழுந்தது. அதை மீண்டும் எழுப்பி முடிக்க 1954 ஆயிற்று. நாட்டைக் காக்கும் என்று நம்பிய கோபுரத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லை. அந்நிலத்தின் அடியில் ஓடும் சகாயிங் பிளவுதான் காரணம். அதே பிளவுதான் 2025 மார்ச் 28 அன்று மாந்தளைப் பகுதியில் 7.7 அளவில் நழுவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. புத்த மடமும் இடிந்தது, வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்த பள்ளிவாசலும் இடிந்தது. பிளவுக்கு மதம் தெரியாது.

பெகு குலுங்கிய அதே 1930-இன் டிசம்பரில் இங்கே என்ன நடந்தது? அன்று சாக்கோட்டையும் தேவகோட்டையும் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர் நாட்டார். பொன்நகை கூடாது, வெள்ளிநகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண் கலயம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூ முடிக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன; தானியம் அழிந்தது; ஆடுமாடு பறிபோயிற்று. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் இவற்றை வரிசையாகப் பதிந்திருக்கிறார். இத்தனை கொடுமை இந்த மண்மேல் நிகழ்ந்தபோது, மண் அசைந்ததா? ஓர் ஓடாவது சரிந்ததா? ஒரு விளக்காவது ஆடிற்றா? இல்லையே!

இதை ஏன் கேட்கிறோம்? 1934 ஜனவரி 15 அன்று பீகாரும் நேபாளமும் 8 என்ற அளவில் குலுங்கின. முங்கேரும் முசாபர்பூரும் தரைமட்டமாயின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காந்தியார் அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தமிழகத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், பீகாரின் துயருக்கும் தீண்டாமைப் பாவத்துக்கும் தொடர்பு உண்டு, அது கடவுள் தந்த தண்டனை என்ற கருத்தைச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் செட்டிநாட்டுக்கும் வந்து, தேவகோட்டைப் பக்கத்து நாட்டாரோடு பேசினார். பீகாருக்கு நிதி திரட்டினார், நாட்டாரிடம் நல்லது சொன்னார், மறுக்கவில்லை. நோக்கம் நன்று. ஆனால் காரணம்?

தீண்டாமைக்குத் தண்டனை என்றால், தண்டிக்கப்பட வேண்டிய மண் எது? பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று கட்டளையிட்ட மண்ணா, ஆயிரம் கல் தொலைவிலுள்ள முங்கேரா? முங்கேரில் மாண்ட தீண்டப்படாதவர் செய்த பாவம் யாது? தொட்டிலிலே இருந்த குழந்தை யாரைத் தீண்ட மறுத்தது? குற்றம் இராமநாதபுரத்தில், தண்டனை பீகாரில் என்றால், அந்த நீதிமன்றத்தின் முகவரிப் புத்தகத்தில் ஏதோ பிழை!

வங்கத்துத் தாகூர் இதைப் பொறுக்கவில்லை. காந்தியாரிடம் பெருமதிப்பு வைத்தவர், தீண்டாமையை வெறுத்தவர், ஆயினும் எழுதினார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் தேடவேண்டும். இத்தகைய வாதம் நாட்டிலுள்ள அறியாமைக்கே உரமாகும். சனாதனிகள் நாளைக்கு இதே வாதத்தைத் திருப்பி, காந்தியாரின் இயக்கத்தால்தான் நிலம் குலுங்கியது என்று சொன்னால் என்ன மறுமொழி என்பது அவர் வினாவின் சாரம். 1934 பிப்ரவரி 16 ‘அரிஜன்’ ஏட்டிலேயே அது வெளிவந்தது. மறுப்பை வெளியிட்ட காந்தியாரின் பண்பையும் நாம் பாராட்டுகிறோம். ஆனால் அவர் தம் கருத்தை விடவில்லை; அது நம்பிக்கை என்றார். நேருவும் தம் தன்வரலாற்றில் இதைக் கண்டித்தார். தமிழகத்திலோ, ‘குடி அரசு’ தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியார் சிறைவைக்கப்பட்டிருந்த ஆண்டு அது. அறிவு பேசியவருக்குச் சிறை. அச்சம் பேசியவருக்கு மேடை.

தாகூர் அஞ்சியது வீண் அச்சம் அன்று. எழுபது ஆண்டு கழித்து இதே தமிழகத்தில் அது நடந்தது. 2004 நவம்பரில் காஞ்சி சங்கராச்சாரியார் ஒரு கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். 2013-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இடையில் 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, மடாதிபதியைத் தொட்டதால் வந்த தெய்வக் கோபம் என்று பேசியவர்கள் உண்டு. 1934-இல் தீண்ட மறுத்ததற்குத் தண்டனை, 2004-இல் தீண்டியதற்குத் தண்டனை! ஒரே கத்தி, பிடிப்பவர் கைக்கேற்ப வெட்டுகிறது.

அந்த டிசம்பர் 26-ஐச் சற்று நின்று பார்ப்போம்; நம் பொருளின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் கடலடி பிளந்தது. சென்னையிலும் மற்ற இடங்களிலும் சிலர் அதைச் சிறு நடுக்கமாக உணர்ந்தார்கள். கட்டில் அசைந்தது, கதவு ஆடியது. தலை சுற்றலோ என்று நினைத்தவர்களும், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மீண்டும் படுத்தவர்களும் உண்டு. ஒன்பது மணியளவில் அலை வந்தது. இடையிலே இரண்டு மணி நேரத்துக்கு மேல்! நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையில் இருந்தவர்கள் கோழைகளா? கடலையே களமாகக் கொண்ட மக்கள். ஆனால் அரிதாக வரும் நடுக்கத்துக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடலுக்கு அப்பால் நிலம் பிளந்தால் அலை வரக்கூடும் என்ற ஒரு வரிப் பாடம் எந்தப் பள்ளியிலும் இல்லை, எந்தக் கோயில் கதையிலும் இல்லை.

அதே நாளில், நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமெலூ என்னும் இந்தோனேசியத் தீவைக் காணுங்கள். அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் மாண்டவர் ஏழு பேர். காரணம்? 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்திருந்தது. அதைத் தாத்தாக்களும் பாட்டிமார்களும் ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக அசைந்து கடல் பின்வாங்கினால், மாட்டை விடு, வீட்டை விடு, மேட்டுக்கு ஓடு. கருவி இல்லை, கல்லூரி இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்ன நாக்கு இருந்தது. தெய்வக் கோபம் என்று சொல்லி வளர்த்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஓடியிருப்பார்களா, மண்டியிட்டிருப்பார்களா?

சாக்கோட்டைக்குக் கடலலை வராது. ஆனால் வீடு இருக்கிறது. நாட்டுக்கோட்டையார் மாளிகையின் சுண்ணாம்புச் சுவரும், பர்மாத் தேக்கும், முட்டை வெண்கரு கலந்த வழுவழுப்பான பூச்சும் புகழ் பெற்றவை. அழகுக்கு நாமும் தலை வணங்குவோம். பூட்டிக் கிடந்து மழைநீர் இறங்கிய சுவருக்கு அந்தப் புகழ் முட்டுக் கொடுக்காது. அதைவிடக் கவலை, காரைக்குடி வரை பெருகும் புதுவகைக் கட்டடம்: கீழே வண்டி நிறுத்தத் தூண்மட்டும் விட்டு, மேலே மாடிமேல் மாடி. 2001-இல் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் இத்தகைய வீடுகள்தாம் கால் ஒடிந்த யானைபோல் அமர்ந்தன. கதவு நிலைக்கு மேலே சுவர் முழுதும் சுற்றிவரும் ஒரு கான்கிரீட் பட்டை, மூலைகளில் செங்குத்தாக ஓர் இரும்புக் கம்பி. ஏழை வீட்டுக்கும் இயலும் காப்பு இது. வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் காசில் பாதி போதும்.

கடைசியாக ஒரு வேலை. 1755 நவம்பர் 1, கிறித்தவர்களின் புனிதர் திருநாள். தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் இடிந்தது. பாவத்தின் சம்பளம், மன்றாடுங்கள் என்று மலகிரிடா என்ற பாதிரியார் நூலே எழுதினார். அமைச்சர் பொம்பாலோ, நாடெங்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். எத்தனை நிமிடம் நீடித்தது? எத்தனை முறை திரும்பவும் அசைந்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை வீடு விழுந்தது? அனுப்பியது யாருக்கு? ஊர் ஊராக இருந்த பாதிரிமார்களுக்கே! பாவக் கணக்கு எழுதிய கைகள் நிமிடக் கணக்கு எழுதின. நிலநடுக்க அறிவியலின் முதல் ஏடுகளில் அவையும் சேர்ந்தன.

நம் படிப்பகங்களில் நாளிதழ் இருக்கிறது, கேரம் பலகை இருக்கிறது. ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். நிலம் அசைந்தது என்ற பேச்சு எழுந்த அன்றே தோழர்கள் தெருத் தெருவாகச் சென்று கேட்டு எழுதட்டும்: மணி என்ன? எத்தனை நொடி? நின்றவர் உணர்ந்தாரா, படுத்திருந்தவர் மட்டும் உணர்ந்தாரா? தொங்கும் விளக்கு எந்தத் திசையில் ஆடியது? ஊரணித் தண்ணீர் அலைந்ததா? புது விரிசல் எந்தச் சுவரில், கல் சுவரிலா செங்கல் சுவரிலா? சன்னல் மட்டும் அதிர்ந்து தரை அசையாதிருந்ததா? அப்படியானால் வானத்தில் ஒலியை மிஞ்சிப் பறந்த போர் விமானமாகவும் இருக்கலாம். 2020 மே 20 அன்று பெங்களூரை அதிரவைத்த வெடியோசை அத்தகையதே, தஞ்சையிலும் விமானப்படைத் தளம் இருக்கிறது. எழுதியதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் வானிலைத் துறைக்கும் ஒரு படி அனுப்பிவிட்டு, மறு படியைப் படிப்பகச் சுவரில் ஒட்டுக; கோயில் வாசலில் பரிகாரச் சீட்டு எழுதத் தொடங்குமுன் ஒட்டுக.